டாஸ்க் மேனேஜரில் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், ‘டாஸ்க் மேனேஜரில் இந்தப் பெயர்கள் தெரிந்தால் உடனே நிறுத்தி அழித்துவிடுங்கள்’ என்று ஒரு பட்டியல் வந்திருந்தது. டாஸ்க் மேனேஜர் என்பது கணினியில் அப்போது ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸ் கருவி. எஸ்விசிஹோஸ்ட், சிஎஸ்ஆர்எஸ்எஸ், ரன்டிஎல்எல்32 மூன்றும் அந்தப் பட்டியலில் இருந்தன. மூன்றுமே விண்டோஸோடு வருபவை. சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸை வலுக்கட்டாயமாக நிறுத்தினால் அந்த நொடியே நீலத் திரை வந்து கணினி நின்றுவிடும். சேமிக்காத வேலை போய்விடும். வைரஸ் இருந்ததா இல்லையா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். வீட்டுக் கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில், அந்தப் பட்டியலுக்கு மாற்றாக எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் அகற்ற வேண்டும் என்பதை எழுதுகிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

பெயர்ப் பட்டியலால் வரும் கேடு புதிதல்ல. 2001-ல் சல்ஃப்என்பிகே என்ற ஃபைல் வைரஸ் என்று மின்னஞ்சலில் புரளி பரவியது. அடுத்த ஆண்டு ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற ஃபைலைப் பற்றி அதே கதை. அதன் ஐகான் ஒரு கரடிப் பொம்மை என்பதால் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இரண்டும் விண்டோஸின் சாதாரண ஃபைல்கள். மக்கள் தங்கள் கையாலேயே அவற்றை அழித்தார்கள். மனிதர்கள் மட்டும்தான் ஏமாறுவார்கள் என்றும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி வெளியிட்ட 5958 எண் கொண்ட அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் அசல் எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று முடிவு கட்டியது. கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க் இணைப்பும் போயிற்று.

ஒரு ப்ராசஸைப் பற்றி, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைப் பற்றி, கேட்க வேண்டியவை நான்கு: எந்த போல்டரிலிருந்து ஓடுகிறது, யார் டிஜிட்டல் கையொப்பம் (தயாரித்த நிறுவனத்தின் அடையாள முத்திரை) இட்டிருக்கிறார்கள், எந்த ப்ராசஸ் அதைத் தொடங்கியது, என்ன கட்டளையோடு தொடங்கியது. பெயர் இந்த நான்கில் இல்லை. ஏனென்றால் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், மேலே உள்ள தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து ‘செலக்ட் காலம்ஸ்’ எடுங்கள். அதில் ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் ‘இமேஜ் பாத் நேம்’, தொடங்கிய கட்டளையைக் காட்டும் ‘கமாண்ட் லைன்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

விண்டோஸின் பின்னணி வேலைகளான சர்வீஸ்களை ஓடவைக்கும் எஸ்விசிஹோஸ்டையே எடுத்துக்கொள்வோம். அசல் ஃபைல் சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32-ல் இருக்கும். அதன் 32 பிட் வடிவம் சிஸ்வாவ்64-ல் இருக்கும். கமாண்ட் லைனில் ‘-கே’ என்றும் அதையடுத்து ஒரு குழுப் பெயரும் வரும். அதைத் தொடங்கியது சர்வீசஸ் என்ற ப்ராசஸாக இருக்க வேண்டும். ஐம்பது அறுபது எஸ்விசிஹோஸ்ட் ஒரே நேரத்தில் ஓடுகிறதே என்று பலர் பதறுகிறார்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினியில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில்தான் ஓடுகின்றன. எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதே பெயர் ஆப்டேட்டா போல்டருக்குள்ளிருந்து ஒன்றே ஒன்று ஓடினாலும் அது போலி.

லாகினைச் சரிபார்க்கும் எல்எஸ்ஏஎஸ்எஸ் இன்னொரு எடுத்துக்காட்டு. அது ஒன்றே ஒன்றுதான் ஓட வேண்டும், அதுவும் சிஸ்டம்32-லிருந்து. போலி செய்பவர்கள் முதல் எழுத்தான சின்ன ‘எல்’லுக்குப் பதிலாகப் பெரிய ‘ஐ’ எழுத்தைப் போடுவார்கள். டாஸ்க் மேனேஜரின் எழுத்துருவில் இரண்டும் ஒரே நேர்கோடு, கண்ணால் பிரித்தறிய முடியாது. பாத் காலத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டெஸ்க்டாப்பையும் போல்டர்களையும் காட்டும் எக்ஸ்புளோரரோ நேராக விண்டோஸ் போல்டரில் இருப்பது. சிஸ்டம்32-லிருந்து ஓடும் எக்ஸ்புளோரரைச் சந்தேகியுங்கள்.

டெம்ப், ரோமிங், ப்ரோகிராம்டேட்டா, யூசர்ஸ் போல்டரில் உள்ள பப்ளிக் ஆகியவை தீய ஃபைல்கள் விரும்பிக் குடியேறும் இடங்கள். அட்மின் அனுமதி கேட்காமலே அங்கே எழுதிவிடலாம் என்பதுதான் காரணம். ஆனால் டிஸ்கார்டு, ஜூம் போன்ற நேர்மையான மென்பொருள்களும் ஆப்டேட்டாவில் இருந்து ஓடுவதுண்டு. ஆகவே இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. கையொப்பத்தையும் பார்க்க வேண்டும்.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபைலில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கம் வரும். நோட்பேட் போன்ற விண்டோஸின் சொந்த ஃபைல்கள் பலவற்றில் அந்தப் பக்கமே வராது. அவற்றின் கையொப்பம் தனியாக ஒரு கேட்டலாக் ஃபைலில் இருக்கிறது. இது தெரியாமல் அசல் ஃபைலைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான ப்ராசஸ் எக்ஸ்புளோரரில் ஆப்ஷன்ஸ் மெனுவில் ‘வெரிஃபை இமேஜ் சிக்னேச்சர்ஸ்’ என்று உண்டு. அது கேட்டலாக்கையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். எது எதைத் தொடங்கியது என்பதையும் மர வடிவில் காட்டும். எக்ஸ்புளோரருக்கும் சிஎஸ்ஆர்எஸ்எஸ்ஸுக்கும் மேலே தாய் ப்ராசஸ் எதுவும் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். அவற்றைத் தொடங்கியவை தங்கள் வேலை முடிந்து வெளியேறிவிட்டன. வேர்ட் ஆவணம் ஒன்று, கட்டளைகளை ஓட்டும் விண்டோஸ் கருவியான பவர்ஷெல்லைத் தொடங்கியிருப்பதாக மரம் காட்டினால் அதுதான் கவலைப்பட வேண்டிய காட்சி.

கையொப்பம் சரியாக இருந்தால் விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்பின் 32 பிட் ஃபைலில் யாரோ தீய நிரலைக் கலந்திருந்தார்கள். நிறுவனத்தின் செல்லுபடியாகும் கையொப்பத்தோடுதான் அது பயனர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொரு வகை இதைவிடப் பரவலானது. ஓடுவது மைக்ரோசாஃப்டின் சொந்த பவர்ஷெல், எம்எஸ்ஹெச்டிஏ, டபிள்யூஸ்கிரிப்ட், ரன்டிஎல்எல்32 போன்ற, பிறர் எழுதிய நிரலை ஓடவைக்கும் கருவிகள். ஆள் அசல், செய்யும் வேலைதான் திருட்டு. இங்கே கமாண்ட் லைன் ஒன்றுதான் சாட்சி. பவர்ஷெல்லுக்குப் பின்னால் ‘என்கோடெட்கமாண்ட்’ அல்லது அதன் சுருக்கம், அதையடுத்துப் பல வரிக்கு நீளும் அர்த்தமற்ற எழுத்துக் குவியல். எம்எஸ்ஹெச்டிஏவுக்குப் பின்னால் ஓர் இணைய முகவரி. ரன்டிஎல்எல்32-க்குப் பின்னால் டெம்ப் போல்டரில் உள்ள டிஎல்எல் (நிரல் துண்டு அடங்கிய ஃபைல்). வீட்டுக் கணினியில் இவற்றுக்கு நல்ல காரணம் இருப்பது அரிது.

ப்ராசஸ் எக்ஸ்புளோரரில், பல ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே இடத்தில் காட்டும் இணையச் சேவையான வைரஸ்டோட்டலின் சோதனையும் இருக்கிறது. அது ஃபைலை அனுப்பாது, ஃபைலின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை மட்டும் அனுப்பிக் கேட்கும். தெரியாத ஃபைல்களைப் பதிவேற்றும் ஆப்ஷன் தனியாக இருக்கிறது, அதை ஆன் செய்யாமல் இருப்பது நல்லது. எழுபது சொச்சம் ஆன்டிவைரஸ்களில் ஒன்றோ இரண்டோ மட்டும் சிவப்பு காட்டினால் பெரும்பாலும் தவறான எச்சரிக்கை. முப்பது நாற்பது காட்டினால் சந்தேகமே வேண்டாம். பூஜ்யம் காட்டினால் ‘இதுவரை யாரும் பிடிக்கவில்லை’ என்று பொருள், ‘சுத்தம்’ என்று பொருளல்ல. நேற்று உருவாக்கிய ஃபைலுக்கும் பூஜ்யம்தான் வரும்.

கணினி மெதுவாக ஓடுவதை வைத்து வைரஸ் என்று சொல்லிவிட முடியாது. ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்பது விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர். ஸ்கேன் நடக்கும்போது சிபியுவைத் தின்னும். டிஐவொர்க்கர் என்பது விண்டோஸ் அப்டேட் வேலை. ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ 97 சதவீதம் காட்டினால் சிபியு சும்மா இருக்கிறது என்று பொருள், அதைப் போய் நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. மாறாக, ஃபேன் இரைந்துகொண்டே இருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில நொடிகளில் அடங்கி, மூடியதும் மறுபடி இரைந்தால், அது உங்கள் கணினியின் திறனைத் திருடி கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனர் மென்பொருளின் கைவரிசையாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்து வேலையை நிறுத்திக்கொள்ளும் மைனர்கள் நிறைய இருக்கின்றன. ரிசோர்ஸ் மானிட்டரில் பாருங்கள். அல்லது ப்ராசஸ் எக்ஸ்புளோரரின் ஃபைல் பெயரை வேறு ஏதாவது என்று மாற்றி வைத்துத் திறந்து பாருங்கள்.

நெட்வொர்க் பக்கத்தைப் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையை -ஏபிஎன்ஓ என்ற சுவிட்சோடு ஆங்கில எழுத்தில் அடித்தால் எந்த ஃபைல் எந்த முகவரியோடு பேசுகிறது என்று வரும். இதையும், ஈவென்ட் வியூவரில் உள்ள சிவப்புக் குறிகளையும் காட்டி ‘உங்கள் கணினியை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உள்ளன. நல்ல கணினியிலும் இணைப்புகள் வரிசையாகத் தெரியும், ஈவென்ட் வியூவரில் எர்ரர்களும் இருக்கும். அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

திரையின் வலது கீழ் மூலையில் ‘5 வைரஸ்கள் கண்டறியப்பட்டன’ என்று எட்டிப்பார்க்கும் பெட்டிகளும் இப்படித்தான். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் தீய ப்ராசஸ் எதுவும் இல்லை. ஏதோ ஓர் இணையதளத்துக்கு பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருப்பீர்கள். பிரவுசர் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த முகவரியை நீக்கினால் முடிந்தது. இதற்காக ஃபார்மட் அடித்துத் தருகிறவர்கள் இருப்பது எங்கள் தொழிலுக்கு அழகல்ல.

இனி அகற்றுவது. பலரும் தவறுவது வரிசையில்தான். முதலில் ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்கக் கூடாது. இரண்டு தீய ப்ராசஸ்கள் ஒன்றையொன்று காவல் காப்பது வழக்கமான உத்தி: ஒன்றை நிறுத்தினால் மற்றது உடனே அதைத் திரும்பத் தொடங்கிவிடும், சில சமயம் புதுப் பெயரில். அதனால் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். கருவிகளை வேறொரு சுத்தமான கணினியில் இறக்கி பென் டிரைவில் கொண்டுவரலாம். சந்தேக ஃபைலின் முழு பாத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ப்ராசஸ் எக்ஸ்புளோரரில் அந்த ப்ராசஸ் மீது ரைட் கிளிக் செய்து ‘சஸ்பெண்ட்’ கொடுங்கள், அதன் கூட்டாளிகளுக்கும் அப்படியே. சஸ்பெண்ட் ஆன ப்ராசஸ் இன்னும் உயிரோடு இருப்பதாகவே காவலாளிக்குத் தெரியும். ஆனால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் உறைய வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும்.

நிறுத்தியதோடு வேலை தீராது. ரீஸ்டார்ட் ஆனதும் அதைத் திரும்ப எழுப்புவது எது என்று கண்டுபிடிக்காவிட்டால் இலையைக் கிள்ளிவிட்டு வேரை விட்ட கதைதான். அதே சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸை அட்மினாகத் திறங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரியின் ரன் கீகள், ஸ்டார்ட்அப் போல்டர், சர்வீஸ்கள், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ், டபிள்யூஎம்ஐ என்று கணினி தொடங்கும்போது எதையாவது ஓடவைக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாம் அதில் வரும். மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் ஆப்ஷனையும் கையொப்பச் சோதனையையும் ஆன் செய்தால் பட்டியல் கைக்கு அடங்கும். இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் இல்லை அல்லது சரிபார்க்க முடியவில்லை. மஞ்சள் என்றால் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை. மஞ்சள் பெரும்பாலும் பழைய மென்பொருளின் எச்சம். ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் பக்கத்தை மட்டும் மறைப்பை எடுத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பவர்ஷெல்லை அழைக்கும் தீய டாஸ்க், மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தின் நிழலில் மறைந்திருக்கக்கூடும்.

சந்தேகப் பதிவை உடனே டெலீட் செய்ய வேண்டாம், டிக்கை மட்டும் எடுங்கள். தவறாக எடுத்துவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பிறகு பட்டியலைப் புதுப்பிக்க எஃப்5 அழுத்துங்கள். எடுத்த பதிவு மறுபடி முளைத்தால், அதை எழுதிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் ஒன்று இன்னும் உறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள். லாகான் பக்கத்தில் உள்ள யூசர்இனிட் வரியில் கை வைக்கும்போது மட்டும் மிகுந்த நிதானம் வேண்டும். லாகின் ஆனதும் டெஸ்க்டாப்பைத் தொடங்கும் வரி அது, அதில் அசல் ஃபைலுக்குப் பின்னால் கமா போட்டுத் தீய ஃபைலின் பாத்தைச் சேர்த்திருப்பார்கள். சேர்த்த பகுதியை மட்டும் ரிஜிஸ்ட்ரியில் நீக்க வேண்டும். வரி முழுவதையும் நீக்கினால் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போன உடனே லாக்ஆஃப் ஆகும். திரும்பத் திரும்ப அதுவே நடக்கும்.

அதன் பிறகு ஃபைலை அழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து மறுபடி பவர் பட்டனை அழுத்துவது இதற்கு உதவாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் தன் உள்பகுதியை முழுதாக மூடாமல் டிஸ்க்கில் சேமித்து வைத்து அதையே திரும்ப எழுப்புகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். ஃபைல் அழிய மறுத்தால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்குப் போகலாம். இன்டர்நெட் இல்லாத சேஃப் மோடு எண் 4. டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கக்கூடும். ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகியிருக்கலாம். ஆகவே அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் சேமித்திருக்கும்.

ஸ்கேன் செய்வதற்கு முன் ஒன்றைப் பார்க்காமல் விடாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தின் ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ உள்ளே கீழே ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ இருக்கும். ஸ்கேன் செய்யக் கூடாத இடங்களின் பட்டியல் அது. தீய மென்பொருள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, தன் போல்டரையோ சி டிரைவ் முழுவதையுமோ அந்தப் பட்டியலில் சேர்ப்பது. அதை நீக்காமல் ஸ்கேன் செய்தால் எத்தனை முறை செய்தாலும் பச்சை டிக்தான் வரும். சொந்தக் கணினியில் ‘இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்’ என்ற செய்தி அங்கே தெரிந்தால், நிர்வாகி யாரும் இல்லாத வீட்டில் யார் அதைச் செய்தது என்று யோசியுங்கள்.

பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்’ தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் இன்டர்நெட்டை மறுபடி இணைத்து வைரஸ் பட்டியலை அப்டேட் செய்து, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிடுங்கள். கணினி உடனே ரீஸ்டார்ட் ஆகும். ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும். விண்டோஸ் முழுதாகத் தொடங்காத நிலையில் இது ஓடுவதால், டாஸ்க் மேனேஜருக்கே தெரியாமல் ஒளியும் ரூட்கிட் வகையும் அப்போது விழித்திருக்காது. முடிவு ‘ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யில் இருக்கும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் போதும். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகும், பழையதைப் பயன்படுத்த முடியாது. எப்போதும் காவலில் இருக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒரே கணினியில் போட வேண்டாம். ஒன்று பிடித்த ஃபைலை மற்றது பிடிக்கப் பார்த்து இரண்டும் முடங்கும்.

எச்சங்களில், ப்ராக்ஸி செட்டிங்கையும், சிஸ்டம்32-ல் டிரைவர்ஸ் போல்டரின் ஈடிசி உள்ளே இருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள், இணையப் போக்குவரத்தைத் திசைதிருப்ப இவற்றை மாற்றியிருக்கக்கூடும். விண்டோஸ் ஃபைல்கள் சேதமடைந்திருந்தால் டிஐஎஸ்எம்மின் ரீஸ்டோர்ஹெல்த், அதன் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற இரண்டு பழுதுபார்க்கும் கட்டளைகளையும் இந்த வரிசையில் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் கொடுங்கள்.

இப்போது அதிகம் பரவும் ஒரு வகைக்கு மேலே சொன்ன எதுவும் முழு மருந்தாகாது. ‘நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆரையும் அழுத்தி, கண்ட்ரோல் வி கொடுத்து, என்டர் தட்டுங்கள்’ என்று கேட்கும் பக்கங்கள் வருகின்றன. எந்த கேப்ட்சாவும் அப்படிக் கேட்காது. கிளிப்போர்டில் அந்தப் பக்கம் வைத்த பவர்ஷெல் கட்டளையை நீங்களே ஓடவிடுகிறீர்கள். அது இறக்கும் திருட்டு மென்பொருள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் பாஸ்வேர்டு கேட்காமலே கணக்கைத் திறந்து வைக்கும் லாகின் குக்கிகளையும் சில நிமிடத்தில் அள்ளி அனுப்பிவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்வதும் உண்டு. அப்போது டாஸ்க் மேனேஜரில் தேட ஒன்றும் மிஞ்சாது. வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் ரீசெட் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். அடுத்தது வங்கி. ஒவ்வொரு கணக்கிலும் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், திருடிய குக்கி சில கணக்குகளில் தொடர்ந்து செல்லுபடியாகும். பாதிக்கப்பட்ட அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றுவது புதுச் சாவியையும் திருடன் கையில் கொடுப்பதுதான்.

ஆஃப்லைன் ஸ்கேனுக்குப் பிறகும் அதே ப்ராசஸ் திரும்பி வந்தால், அல்லது யாரோ தொலைவிலிருந்து கணினியை இயக்கியது உறுதியானால், துரத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. விண்டோஸை மறுபடி நிறுவுங்கள். வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்ஸ்டாலர் உருவாக்கிக்கொள்ளுங்கள். அந்த பென் டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், கணினி இடம் கொடுத்தால் இதே கையோடு 11-க்கு மாறிவிடலாம். படங்கள், ஆவணங்களை மட்டும் காப்பி எடுங்கள். இன்ஸ்டால் ஃபைல்கள், கிராக்குகள், பிரவுசர் ப்ரொஃபைல் போல்டர் வேண்டாம். காப்பி எடுக்கும் முன் ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் ஃபைல் பெயரின் பின்னொட்டைக் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்யுங்கள். ‘பில்.பிடிஎஃப்’ என்று தெரிந்த ஃபைல் அப்போது ‘பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ’ என்று முழுப் பெயரைக் காட்டும். அதைப் புது விண்டோஸுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
வீட்டுக் கணினிப் பராமரிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்